தாத்தாவின் பெட்டியில் இருந்த இரண்டு சீட்டுகள்

மலர்க் குழு நண்பர் போன் செய்து, "ஹாஸ்டல் நினைவுகள் போதும் போதும்ங்கிற அளவுக்கு வந்தாச்சு. நீ டீ ஃபேக்டரி ஆள்தானே, வேற ஏதாவது எழுதேன்" என்றார். டிரையர், ரோலர் என்று எழுதினால் விளம்பரப் பக்கத்தில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயத்தில், தேயிலையைச் சுற்றி நடந்த ஒரு வரலாற்றை எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நான் வரலாற்று மாணவன் அல்ல. இங்கே பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, பிறகு கோவையில் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. படித்தவன். குறையிருந்தால் நம் வரலாற்றுத் துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும். சொல்லப்போனால் இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவரே அத்துறையைச் சேர்ந்த ஒருவர்தான்.

2007-ஆம் ஆண்டு. நான் இரண்டாம் ஆண்டு மாணவன். நூலகத்தில் ஒரு மழைநாள் மதியம் அவர் என்னிடம், "எந்த ஊருப்பா?" என்றார். "குன்னூர் பக்கம் சார், டேன்டீ தோட்டம்" என்றேன். "அப்போ சிலோனா?" என்றார். இந்தக் கேள்வியை நம் மாவட்டத்தில் கேட்காதவர்கள் இல்லை. தலையாட்டினேன். "உங்க ஆளுங்களுக்குன்னு அங்கே ஒரு கட்சியே இருக்கு, தெரியுமா? முக்காவாசிப் பேருக்கு ஓட்டே இல்லாத காலத்துல நடத்தின கட்சி" என்றார். தெரியாது என்றேன். "போய் வீட்ல பெரியவங்களைக் கேளு, என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் நாளிதழுக்குள் போய்விட்டார்.

அந்த வார இறுதியில் தாத்தாவிடம் கேட்டேன். அவர் பேச்சுக்காரர் அல்ல. கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தார். கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை, மொத்தக் குடும்பமும் ஒரே போட்டோவில் நிற்கும் பாஸ்போர்ட், அதற்கடியில் பிளாஸ்டிக் உறையில் இரண்டு சந்தா ரசீதுகள். முதலாவது 1949-ஆம் ஆண்டுடையது. அதில் 'இலங்கை இந்திய காங்கிரஸ் தொழிலாளர் யூனியன்' என்று இருந்தது. இரண்டாவது 1951. அதில் 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்'. 'இந்திய' என்ற வார்த்தையைக் காணோம்!

"ஏன் தாத்தா பேரை மாத்தினாங்க?" என்றேன்.

"அது பெரியவங்க விஷயம். எங்களுக்குச் சந்தா அதே சந்தாதான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை எப்படிப் போனது, போனதால் என்ன ஆயிற்று என்பதைப் பதினெட்டு ஆண்டுகளாக அங்கங்கே படித்தும் கேட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

1930-களில் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் சங்கம் என்றால் அது நடேசய்யர்தான். தஞ்சாவூர்க்காரர். துரைமார்களின் எதிர்ப்பை மீறித் தோட்டத்துக்குள் நுழைந்து ஆள் சேர்த்தவர். அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டு எழுதிப் பாடிக் கூட்டம் சேர்ப்பார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்கு (இனி இ.தொ.கா.) நிலத்தை உழுதுவைத்தவர் அவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

1939-ல் இலங்கை அரசு தன் இலாகாக்களில் தினக்கூலி பார்த்த இந்தியர்களை வேலைநீக்கம் செய்யத் தொடங்கியது. பேச்சு நடத்த ஜூலையில் நேரு கொழும்புக்கு வந்தார். ஆளுக்கொரு சங்கமாகப் பிரிந்து கிடந்த இந்தியர்களை ஒன்றுசேரச் சொன்னார். அப்படிப் பிறந்தது இலங்கை இந்தியர் காங்கிரஸ். தொடக்கத்தில் அது தொழிலாளர் கட்சியே அல்ல. முன்வரிசையில் இருந்தவர்கள் வியாபாரிகளும் படித்தவர்களும். கதர், காந்தி குல்லா, மூவர்ணக் கொடி எல்லாம் நம் ஊர்க் காங்கிரசின் அச்சு. 1940-ல் தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அந்த ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்த வேலைநிறுத்தத்தின் பின்னால் இருந்தவர்கள் இடதுசாரி சமசமாஜக் கட்சிக்காரர்கள். தோட்ட ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள் என்று தெரிந்ததும் காங்கிரசும் அதே ஆண்டு தொழிற்சங்கம் தொடங்கியது. தலைக்குப் பிறகு உடம்பு முளைத்த கதை! ஆனால் சில ஆண்டுகளில் உடம்பு தலையைவிடப் பெரிதாகிவிட்டது.

இங்கே சௌமியமூர்த்தி தொண்டமானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1913-ல் இன்றைய சிவகங்கைச் சீமையில் பிறந்தவர். அப்பா கருப்பையா இலங்கைக்குப் போய்க் கங்காணியாகி, பிறகு றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். ஆக, தொழிலாளர் கட்சியின் தலைவர் ஒரு தோட்ட முதலாளி! இடதுசாரிகள் இதைச் சொல்லிக் காட்டாத மேடை இல்லை. என் தாத்தாவிடம் கேட்டபோது, "துரைகிட்ட துரை மாதிரி பேச ஆள் வேணும்ல" என்றார். அந்தக் காலத்து லயத்தில் இருந்து பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரிந்திருக்கும்.

1947 தேர்தலில் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகளைக் கைப்பற்றியது. நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை என்று நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். காங்கிரஸ் நிற்காத பல தொகுதிகளில் தோட்ட ஓட்டு இடதுசாரிகளுக்குப் போனது. இதன் விலை உடனே தெரிந்தது. 1946 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவில் இந்தியத் தமிழர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும் தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. அப்பா இலங்கையில் பிறந்தார் என்று காகிதம் காட்டு என்றால் லயத்தில் யாரிடம் காகிதம் இருக்கும்? 1952 தேர்தலில் மலைநாட்டுத் தமிழர் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. அவ்வாண்டு பிரதமர் அலுவலகத்தின் முன் காங்கிரஸ் சத்தியாகிரகம் இருந்தது. சுமார் 8 லட்சம் பேர் விண்ணப்பித்து, ஒன்றரை லட்சம் பேருக்குக்கூடக் குடியுரிமை கிடைக்கவில்லை.

பெயர் மாற்றம் இந்த நெருக்கடியில்தான் வந்தது. "இந்தியன், இந்தியன் என்று நீங்களே பலகை மாட்டிக்கொண்டு இலங்கைக் குடியுரிமை கேட்கிறீர்களே" என்ற பேச்சுக்குப் பதில் வேண்டியிருந்தது. 1950-ல் தொழிற்சங்கம் 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' ஆயிற்று. 1954-ல் அரசியல் பிரிவும் 'இலங்கை ஜனநாயக காங்கிரஸ்' ஆயிற்று. இங்கிலாந்துத் தொழிற்கட்சியின் வரலாற்றிலும் இப்படியொரு சங்கதி உண்டு. உற்பத்திச் சாதனங்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்று 1918-ல் தன் விதிகளில் எழுதி, உறுப்பினர் அட்டையிலேயே அச்சடித்து வைத்திருந்த நாலாம் விதியை 1995-ல் மாற்றி எழுதிவிட்டார்கள். அவர்கள் ஆட்சியைப் பிடிக்க வார்த்தையை எடுத்தார்கள். இவர்கள் நாட்டில் இருக்கவே வார்த்தையை எடுக்க வேண்டியிருந்தது.

பெயர் மாறிய சில ஆண்டுகளில் வீடும் பிளந்தது. அப்துல் அசீஸ் இடதுபுறம் சாய்ந்தவர். 1956-ல் அவர் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தனியே போயிற்று. கொள்கைச் சண்டை எவ்வளவு, நாற்காலிச் சண்டை எவ்வளவு என்று இன்றைக்கும் இரண்டு தரப்பும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

ஓட்டில்லாத கட்சிக்குப் பலம் எங்கிருந்து வந்தது? இதற்கு என் தொழிலில் பதில் இருக்கிறது. தேயிலை காத்திருக்காது. கொழுந்து எடுக்கும் சுற்று ஏழு முதல் பத்து நாள். ஒரு சுற்று தவறினால் இலை முற்றிவிடும்; அடுத்த சுற்றும் கெடும். பறித்த இலையையும் வாட்டியபின் தள்ளிப்போட முடியாது. ராத்திரியோடு ராத்திரியாக ரோலருக்குப் போயாக வேண்டும். அந்நாளில் இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலை. ஆகவே வாக்குச் சீட்டு இல்லாத ஒரு பெண், கூடையைக் கீழே வைத்தால் கொழும்பில் மந்திரிசபைக்குக் கேட்டது. இதைத் தொண்டமான் நன்றாக அறிந்திருந்தார். வேலைநிறுத்தம் ஒரு கை, பேரம் ஒரு கை. 1960-ல் சிறிமாவோ அரசில் நியமன உறுப்பினராகவும், 1965-ல் எதிர்முகாம் டட்லி சேனநாயக்காவின் ஆட்சியிலும் நியமன உறுப்பினராகவும் இருந்தார். யார் ஆண்டாலும் கதவுக்கு உள்ளே ஒரு கால் இருக்க வேண்டும். அதுதான் கொள்கை.

ஆனால் 1964 அக்டோபர் 30-ல் அந்தக் கால் பயன்படவில்லை. சிறிமாவோவும் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (1974-ல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.) அந்த ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் ரூமில் ஸ்டாக் பிரிக்கிற கணக்குத்தான்.

எங்கள் வீடு அந்தக் கணக்கில் நடுவே கிழிந்தது. தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவர் தம்பி இலங்கைக்கு எழுதினார். "ரெண்டு பேரும் ஒரே லயத்துல அடுத்தடுத்த காம்பிரா" என்பார் தாத்தா. காம்பிரா என்றால் அறை. 1972-ல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வழியாகக் குன்னூர். அப்பாவுக்கு அப்போது பதினோரு வயது. ஊரைப் பார்த்ததும், "அதே மலை, அதே செடி, எதுக்கு இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கேட்டு அடி வாங்கினாராம்.

தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-ல் வனத்துறை நிலத்தில் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டேன்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று தோட்டங்கள் எழுந்தன. மூத்த மாணவர்களுக்கு நினைவிருக்கும், கூடலூர்ப் பக்கம் ஜென்ம நிலங்களில் குடிசை போட்டவர்கள் பட்டா இல்லாமல் படாதபாடு பட்டார்கள். இந்தியாவில் எங்களுக்கு முதல் நாளிலிருந்தே ஓட்டு இருந்தது. ஆனால் எங்களுக்கென்று ஒரு கட்சி இல்லை. ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., தொ.மு.ச., சி.ஐ.டி.யு. என்று லைனுக்கு நாலு சங்கம். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு. ஓட்டு மட்டும் எங்கள் லைனில் பெரும்பாலும் இரட்டை இலைக்கு. காரணம், எம்.ஜி.ஆர். கண்டியில் பிறந்தவர்! "நம்ம ஊர்க்காரர்" என்பார் பாட்டி. அரசியல் விஞ்ஞானத்தில் இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. எனக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அப்பா ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தார். அப்போதெல்லாம் தாத்தா, "அங்கேன்னா காங்கிரஸ் காரியாலயத்துல சொன்னா போதும்" என்று முணுமுணுப்பார். ஓட்டு இல்லாமல் கட்சி இருந்த இடத்திலிருந்து, ஓட்டு இருந்து கட்சி இல்லாத இடத்துக்கு வந்துவிட்டவர் அவர்.

நாங்கள் இந்தப் பக்கம் வந்த பிறகு அங்கே கட்சி இன்னும் இரண்டு தடவை திரும்பியது. 1972-ல் வடக்கு கிழக்குத் தமிழ்க் கட்சிகளோடு தமிழர் கூட்டணியில் சேர்ந்தது. செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் ஆகியோரோடு தொண்டமானும் கூட்டுத் தலைவர். 1976-ல் வட்டுக்கோட்டையில் தனி ஈழத் தீர்மானம் வந்தபோது இ.தொ.கா. அதை ஏற்கவில்லை. ஈழம் கிடைத்தாலும் நுவரெலியா அதற்குள் வராதே! சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த மலையில் இருப்பவர்களுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை. இந்த இடத்தில் தொண்டமானைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நிலப் பறிப்பை எதிர்த்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் தொண்டமான் முப்பதாண்டுக்குப் பின் மக்கள் வாக்கில் வென்றார். 1978-ல் ஜெயவர்தனாவின் மந்திரிசபையில் சேர்ந்தார்.

1983 கலவரத்திலும் அவர் மந்திரியாகவே இருந்தார். யாழ்ப்பாணத்தில் இதைத் துரோகம் என்றவர்கள் உண்டு. ஆனால் கணக்கைப் பார்ப்போம். 1984-ல் வேலைநிறுத்தம், பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. 1986 பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காலையில் மலைக்குப் போகாமல் கோயிலில் உட்கார்ந்து பிரார்த்தனை. மந்திரியின் சங்கம் அரசுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. சாமி கும்பிடலாம் அல்லவா! அவ்வாண்டும் 1988-லும் சட்டங்கள் வந்தன. 2003-ல் மிச்சமிருந்தவர்களுக்கும் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948-ல் பறித்ததைத் துப்பாக்கி எடுக்காமல் திரும்ப வாங்கினார்கள். மந்திரி நாற்காலியில் உட்காராமல் அது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றுதான் நான் நினைக்கிறேன்.

என் வருத்தம் அதற்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது. குடியுரிமை வாங்குவதற்காகப் பழகிய வித்தை, குடியுரிமை வந்த பிறகும் விடவில்லை. 1992-ல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. பிறகு இரண்டாண்டுக்கு ஒரு கூட்டு ஒப்பந்தம். எந்த அரசு வந்தாலும் இ.தொ.கா.வுக்கு ஒரு மந்திரி. 1999 அக்டோபர் 30-ல் தொண்டமான் மறைந்தார் (சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் அதே தேதி!). அவருக்குப் பின் பேரன் ஆறுமுகன். 2020-ல் அவரும் மறைந்தபின் அவர் மகன் ஜீவன். தலைமை ஒரு வீட்டுக்குள்ளேயே சுற்றியது. மலையக மக்கள் முன்னணி, பிறகு தமிழ் முற்போக்குக் கூட்டணி என்று போட்டிக்கு ஆட்கள் எழுந்தார்கள்.

2020 பிப்ரவரியில் டிரையர் வேலையாக இலங்கை போனபோது, தலவாக்கலைப் பக்கம் தாத்தாவின் தம்பி வீட்டைக் கண்டுபிடித்தேன். தாத்தா இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. சின்னத் தாத்தாவுக்கு எண்பத்திரண்டு. "வாங்க மகன்" என்று கையைப் பிடித்தவர் அரை மணி நேரம் விடவில்லை. அதே லயம், அதே காம்பிரா. முன்னால் மட்டும் தகரம் போட்டு நீட்டியிருந்தார்கள். வெளியே பேச்செல்லாம் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம். 2015-லிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்; 2021-ல்தான் சம்பள நிர்ணய சபை வழியாக வந்தது. சுவரில் இரண்டு படங்கள். ஒன்று முருகன். இன்னொன்று சால்வையோடு பெரிய தொண்டமான்.

போனில் எடுத்து வைத்திருந்த ரசீதுகளின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அண்ணன் இதையா வச்சிருந்தாரு?" என்றார். பிறகு, "என்கிட்ட எதுவும் இல்லை. நான் இங்கேயே இருந்தேன், எனக்கு எதுக்கு?" என்றார். பக்கத்தில் நின்ற சித்தப்பா, "தாத்தா பேச்சைக் கேக்காதீங்க. சேவலுக்குப் போட்டுப் போட்டு எங்க கை ஓஞ்சு போச்சு" என்றார். சேவல் இ.தொ.கா. சின்னம். "அவங்க இல்லன்னா உனக்கு ஓட்டே கிடையாதுடா" என்றார் பெரியவர். நான் தேநீரைக் குடித்தேன். நல்ல ஹைகுரோன் இலை. குடும்பச் சண்டை நடுவில் இருந்தாலும் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தல் முடிந்ததும் சித்தப்பா போன் செய்தார். நுவரெலியா மாவட்டத்தில் எட்டு இடங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி பிடித்திருந்தது. அதன் நடுத்தூண் ஜே.வி.பி. 1960-களின் கடைசியில் தன் வகுப்புகளில் 'இந்திய விஸ்தரிப்பு வாதம்' என்ற தலைப்பில் தோட்டத் தொழிலாளர்களையே இந்தியாவின் கைக்கருவி என்று பாடம் நடத்திய அதே ஜே.வி.பி.! இப்போது அவர்கள் பட்டியலில் மலையகத் தமிழ்ப் பெண்கள் வென்று நாடாளுமன்றம் போயிருக்கிறார்கள். மாறியது இ.தொ.கா. மட்டும் அல்ல. ஜீவன் தொண்டமான் யானைச் சின்னத்தில் நின்று ஜெயித்தார். "நான் திசைகாட்டிக்குப் போட்டேன். உங்க சித்தி யானைக்கு. தாத்தா எதுக்குப் போட்டாருன்னு சொல்ல மாட்டேங்கிறாரு" என்று சிரித்தார் சித்தப்பா.

இங்கே 2022-ல் டேன்டீ நிலத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தது. நஷ்டம், ஆள் பற்றாக்குறை, யானை நடமாட்டம் என்று காரணங்கள் உண்டு. ஃபேக்டரி ஆள் என்ற முறையில் அவை எனக்குப் புரிகின்றன. ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்தால் எங்கே போவது என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எங்கள் லைனில் ஒரு கூட்டம் போட்டார்கள். நாலு சங்கத்துக்காரர்களும் வந்தார்கள். நாலு மனு எழுதினார்கள். ஒரே மனுவாக எழுதக்கூடாதா என்று அப்பா கேட்டார். யார் பெயரை முதலில் போடுவது என்பதில் பேச்சு நின்றுவிட்டது.

ரசீதுகள் இரண்டையும் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றுகூடல் அன்று கொண்டு வருகிறேன். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து நண்பர்கள் யார் வீட்டிலாவது இப்படியொரு தகரப் பெட்டி இருந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் பார்க்கலாம். குடும்ப அட்டை, பாஸ்போர்ட், சந்தா ரசீது எதுவானாலும் சரி. இப்போது படிக்கும் மாணவர்கள், வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள தேதிகளுக்கு விளக்கம் அவர்களிடம்தான் இருக்கிறது.